குழாய்க் கிணத்துத் தண்ணி வாளிக்கை சிவக்குது, "காத்து விடு" எண்டு சொல்லுகினம், அது என்ன வேலை?

முத்தையன்கட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். வளவுக்கை போன வருசம் குழாய்க் கிணறு அடிச்சனாங்கள், தண்ணிக்குக் குறைவில்லை, மோட்டரைப் போட்டால் பளிச்செண்டு தெளிவாத்தான் வருது. ஆனா வாளியிலை பிடிச்சு வைச்சிட்டு கொஞ்ச நேரத்தாலை பாத்தால் மஞ்சள், பின்னேரம் பாத்தால் அடியிலை செங்கறள் படிஞ்சு கிடக்கு. பிள்ளையளின்ரை பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஒண்டும் இப்ப வெள்ளை இல்லை. விடியக் காலமை முதல் வாற தண்ணியிலை கூழ்முட்டை நாத்தமும் அடிக்கும். ரவுணிலை ஒரு கடையிலை பில்ரர் ஒண்டு வாங்கிப் பூட்டினது, மாதம் போக முதல் அடைச்சுப்போட்டுது, போய்க் கேட்டால் உங்கட தண்ணி சரியில்லை எண்டுறார். தண்ணி சரியில்லாதபடியாத்தானே ஐயா பில்ரர் வாங்கினது!!

பக்கத்து வளவு அண்ணை சொல்லுறார் பில்ரருக்குக் காசைக் கொட்டாதை, முதல் தண்ணிக்குக் காத்து விடு எண்டு. காற்றூட்டல் எண்டு பள்ளிக்கூடத்திலை படிச்ச ஞாபகம் இருக்கு, ஆனா அது மீன் தொட்டிக்கை குமிழி விடுறதுதானே? அதுக்கும் கறளுக்கும் என்ன தொடர்பு? உண்மையா வேலை செய்யுமோ இல்லாட்டி சும்மா கதையோ? வேறை எங்கையெல்லாம் பாவிக்கினம் எண்டும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, மகள் ஓ.எல், விஞ்ஞானத்துக்கு இதிலையே ஒரு ஒப்படை செய்யப்போறன் எண்டு நிக்கிறா.

கிணத்தடி:

தம்பி, பக்கத்து வளவு அண்ணை சொன்னது சரி, அவருக்கு ஒரு ரீ வாங்கிக் குடுங்கோ.

நிலத்துக்குக் கீழை ஆழத்திலை கிடக்கிற தண்ணியிலை அனேகமா ஒட்சிசன் இராது. ஒட்சிசன் இல்லாத தண்ணியிலை இரும்பு கரைஞ்சபடி நிக்கும், கண்ணுக்குத் தெரியாது, அதுதான் மோட்டராலை வரேக்கை தெளிவா இருக்கு. வெளியிலை வந்து காத்துப் பட்டோடனை ஒட்சிசன் தண்ணிக்கை இறங்கி அந்த இரும்பைப் பிடிக்கும், பிடிச்சோடனை அது கரையாத கறளா மாறி அடியிலை போய் இருக்கும். அப்ப உங்கட வாளியிலை இப்ப நடக்கிறதே காற்றூட்டல்தான். என்ன, ஆறுதலா நடக்குது, பிழையான இடத்திலை நடக்குது. அதைக் கெதியா, தாங்கிக்குத் தண்ணி ஏற முதலே நடக்கப் பண்ணுறதுதான் வேலை.

பில்ரர் ஏன் சரிவரேல்லை எண்டும் இதிலையே விளங்கும். கரைஞ்சு நிக்கிற இரும்பை பில்ரர் என்னெண்டு மறிக்கிறது, உப்புத் தண்ணியைத் துணியாலை வடிச்சு உப்பெடுக்க ஏலுமே? பாதி அதுக்குள்ளாலை பூந்து வந்து பிறகு வாளியிலை சிவக்கும், மற்றப் பாதி பில்ரருக்குள்ளையே காத்துப் பட்டுக் கறளாகி அடைச்சுப்போடும். முதல் காத்து, பிறகு அடைய விடுறது, அதுக்குப் பிறகுதான் வடிக்கிறது. இந்த ஒழுங்கு மாறினால் எவ்வளவு விலைச் சாமான் பூட்டினாலும் காசு தண்ணியோடைதான் போகும்.

கணக்குப் பாத்தால் ஒட்சிசன் பத்தாமப் போகாது. ஒரு மில்லிகிராம் ஒட்சிசன் கிட்டத்தட்ட 7 மில்லிகிராம் இரும்பைக் கறளாக்கும். எங்கட வெக்கையிலை, 30 பாகை மட்டிலை, ஒரு லீற்றர் தண்ணி 7.5 மில்லிகிராம் வரை ஒட்சிசனைப் பிடிச்சு வைச்சிருக்கும். இரும்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே உடுப்பிலை கறை பிடிக்கத் துவங்கும், உங்கட தண்ணியிலை அதைப்போலை பத்து மடங்கு இருந்தாலும் ஒட்சிசன் தாராளம். இழுபடுறது நேரம்தான். தண்ணி புளிப்புப் பக்கம் எண்டால், பிஎச் 6.5 க்குக் கீழை எண்டால், மணிக்கணக்கா வைச்சிருந்தாலும் முழுக்க மாறாது, 7 க்கு மேலை எண்டால் கெதியா முடிஞ்சிடும். இதிலை ஒரு நல்ல விசயம் என்னெண்டால் ஆழத்துத் தண்ணிக்கு அந்தப் புளிப்பைக் குடுக்கிறது அனேகமா அதிலை கரைஞ்சு கிடக்கிற காபனீரொட்சைட்டு, தண்ணியைத் தூவி விழுத்தினால் அது பறந்து போகும், பிஎச் தானா ஏறும். நீங்கள் சொன்ன முட்டை நாத்தம் ஐதரசன் சல்பைட்டு, அதுவும் அதே வழியாலை வெளியிலை போகும். உள்ளுக்கு வரவேண்டியது வருது, வெளியிலை போகவேண்டியது போகுது, ரெண்டுக்கும் ஒரே வேலைதான் செய்யிறம்.

செய்யிறதுக்கு மெசின் ஒண்டும் தேவையில்லை. அடியிலை ஓட்டை உள்ள பிளாஸ்ரிக் கூடை மூண்டு நாலு எடுங்கோ (மரக்கறி ஏத்திற கூடை காணும்), ஒண்டுக்கு மேலை ஒண்டா, இடையிலை ஒரு அடி மட்டிலை காத்துப் போக இடம் விட்டு ஒரு சட்டத்திலை அடுக்குங்கோ. கூடைக்கை கழுவின சல்லிக்கல்லுப் போடுங்கோ. மேலை மோட்டர் பைப்பின்ரை முனையை மூடிப்போட்டு சின்னச் சின்ன ஓட்டை துளைச்சு, தூறலா விழப் பண்ணுங்கோ. கல்லிலை பட்டுப் பட்டு தண்ணி மெல்லிசாப் பரவி இறங்கும், அவ்வளத்துக்கு அவ்வளவு காத்தோடை முட்டும். கீழை ஒரு பெரல், அதிலை ரெண்டு மணித்தியாலமாவது தண்ணி அசையாமல் நிக்கோணும். வெளியிலை எடுக்கிற பைப்பைப் பெரலின்ரை அடியிலை வையாதையுங்கோ, அரை அடி மேலை வையுங்கோ, அடியிலை கழுவி விட வேறையா ஒரு ரப் (திருகிற குழாய்). அதிலையிருந்து இன்னொரு பெரலுக்கு, அடியிலை சல்லி, அதுக்கு மேலை ரெண்டு அடி கழுவின மணல். தண்ணி இறங்கிறது குறைஞ்சால் மேல் மணலை ஒரு இஞ்சி சுரண்டிக் கழுவிப்போட்டுத் திரும்பப் போடுங்கோ. முதல் கொஞ்ச நாள் தண்ணி சரியா வராது, மணலிலை கறள் ஒரு படையாப் பிடிச்ச பிறகுதான் நல்லா வேலை செய்யும், அந்தப் படையே புது இரும்பைப் பிடிச்சு இழுக்கும், ஆனபடியால் சவர்க்காரம் போட்டு மணலைத் தேய்க்கிற ஆக்களாட்டம் வெளிக்கிடாதையுங்கோ.

ரீக்கடை_ராசா:

நாங்கள் ரீ ஆத்துறதும் காற்றூட்டல்தானே அண்ணை, அப்ப நானும் விஞ்ஞானிதான் 😂

கிணத்தடி:

பகிடி இல்லை ராசா, உண்மைதான். ஆத்தேக்கை ரீ நீட்டுக்கு மெல்லிசா விழுந்து காத்தோடை முட்டுது, சூடு இறங்குது, நுரை வருது. இன்னொண்டு, கொதிச்சாறின தண்ணியைக் குடிச்சால் சப்பெண்டு இருக்கும் தெரியுமே, கொதிக்கேக்கை கரைஞ்சிருந்த வாயு எல்லாம் ஓடிப்போனபடியால்தான் அது. துப்பரவான ரெண்டு செம்பிலை அதை மாறி மாறி ஊத்திப்போட்டுக் குடிச்சுப் பாருங்கோ, வித்தியாசம் தெரியும்.

முத்தையன்கட்டான் தம்பி, ரீ எண்ட உடனைதான் ஞாபகம் வருது, உங்கட தண்ணியிலை இருக்கிறது இரும்புதான் எண்டு பாக்கிறதுக்கு ஒரு சின்ன வேலை: கடும் சாயமா ஒரு பிளேன் ரீ போட்டு, மோட்டராலை பிடிச்ச தண்ணிக்கை கொஞ்சம் விடுங்கோ. இரும்பு கூட எண்டால் மை விட்ட மாதிரிக் கறுத்துப்போகும். தேயிலைச் சாயமும் இரும்பும் சேந்தால் அப்பிடித்தான்.

குளத்துமீன்:

நான் கிளிநொச்சி, சீமெந்துத் தொட்டியிலை திலாப்பியா வளக்கிறன், மீன் பக்கத்தை நான் சொல்லுறன் தங்கச்சியின்ரை ஒப்படைக்கு.

எல்லாரும் நினைக்கினம் குமிழிக்கை இருக்கிற காத்துத்தான் மீனுக்குப் போகுது எண்டு. கொஞ்சம் போகும்தான், ஆனா ஒரு முழ ஆழத் தொட்டியிலை குமிழி அடியிலை இருந்து மேலை வர எவ்வளவு நேரம், கண் மூடி முழிக்க முதல் வெடிச்சிடும். பெரிய வேலை என்னெண்டால் குமிழி ஏறேக்கை அடித் தண்ணியையும் மேலை இழுத்துக்கொண்டு வரும், மேலை வந்த தண்ணி காத்தோடை முட்டி ஒட்சிசன் எடுத்துக்கொண்டு திரும்பக் கீழை போகும். ஆனபடியால் தொட்டிக்கு மேலை பலகை போட்டு இறுக்கி மூடிப்போட்டு மோட்டர் ஓடுதுதானே எண்டு இருக்கிறதிலை பிரியோசனம் இல்லை. குமிழி சின்னனா இருந்தால் நல்லம், ஒரே அளவு காத்தை பத்திலொரு பங்கு அகலமான குமிழியா உடைச்சால் தண்ணியிலை முட்டுற பரப்பு பத்து மடங்காகும், அதுக்குத்தான் அந்தக் குமிழ்க் கல்லு. கல்லு அடைச்சுக் குமிழி பெரிசா வரத் துவங்கினால் மாத்திப்போடுங்கோ.

மீன் சாகிறது எப்ப எண்டால் விடியப்புறம். பகலிலை தண்ணிக்கை இருக்கிற பாசி வெயிலுக்கு ஒட்சிசன் விடும், இரவிலை அதே பாசியும் மீனும் சேந்து இழுக்கும், விடியேக்கைதான் ஒட்சிசன் ஆகக் குறைவு. நாலு ஐஞ்சு மணிக்கு ரோச் அடிச்சுப் பாருங்கோ, மீன் எல்லாம் மேலை வந்து வாயைத் தண்ணி மட்டத்திலை வைச்சு டப்பு டப்பெண்டு அடிச்சுக்கொண்டு நிண்டால் அது பசியிலை இல்லை. அந்த நேரம் தீன் போடாதையுங்கோ, வாளியாலை அள்ளி உயரத்திலை இருந்து ஊத்துங்கோ, இல்லாட்டி மோட்டரைப் போட்டு தண்ணியைச் சுத்தி விடுங்கோ. தண்ணி நல்லாப் பச்சையாக் கிடக்குது, முதல் நாள் மப்பும் மழையும் எண்டால் அண்டைக்கு இரவு கவனம், பகலிலை பாசி வேலை செய்யேல்லை எல்லே. சூடு கூடக் கூடத் தண்ணியிலை ஒட்சிசன் கரையிறது குறையும், மீனுக்குத் தேவை கூடும், சித்திரை வெக்கையிலை ரெண்டு பக்கத்தாலும் இடி.

புத்தளம் பக்கம் இறால் பண்ணையளிலை தண்ணியை அடிச்சுச் சிதற வைக்கிற சில்லுகள் சுத்துறதைப் பஸ்ஸிலை போகேக்கை கண்டிருப்பியள். அதுவும் இதுக்குத்தான். இரணைமடுக் குளம் வான் பாயேக்கை வெள்ளையா நுரைச்சுக்கொண்டு விழுகிற தண்ணியும் காசில்லாமல் அந்த வேலையைத்தான் செய்யுது.

முத்தையன்கட்டான்:

ரீ விட்டுப் பாத்தன். கிணத்தடி அண்ணை, நல்ல கறுப்பு!! கண்டிப்பா இரும்புதான்.

இன்னொரு சந்தேகம், பழைய தாங்கிக்கை கை வைச்சால் வழுவழுவெண்டு ஒரு செம்மஞ்சள் சளி, தண்ணிக்கு மேலை எண்ணை மாதிரி ஒரு படலம் நிறம் நிறமா மினுங்குது. கிணத்து மோட்டராலை ஒயில் கலக்குதோ?

கிணத்தடி:

ஒரு தடியாலை படலத்தைக் குத்திப் பாருங்கோ. துண்டு துண்டா உடைஞ்சு அப்பிடியே விலகி நிண்டால் அது ஒயில் இல்லை, இரும்பாலை வந்த படலம். உடனை திரும்ப ஓடி வந்து ஒட்டினால் ஒயில், அப்ப மோட்டரைக் கழட்டிப் பாக்கோணும். சளி இரும்பு பக்றீரியா, இரும்பைத் திண்டு வாழுற சாதி, ஆளைக் கொல்லாது ஆனா பைப்பை அடைக்கும், நாத்தமும் வரும். தாங்கியைத் தேய்ச்சுக் கழுவி குளோரின் விட்டு ஒரு இரவு வைச்சிட்டு, நல்லா அலசி ஊத்துங்கோ. இது கிடக்கத்தக்கதா புதுசாக் கூடை அடுக்கிப் பிரியோசனம் இல்லை.

வரம்பு:

நான் விவசாயப் பக்கம். மண்ணை ஏன் எல்லாரும் மறந்துபோனியள்? வன்னியிலை காற்றூட்டல் எண்டால் முதல் மண்வெட்டியைத்தான் சொல்லோணும்.

வேரும் மூச்சு விடும், மண்ணுக்கை இருக்கிற புழு பூச்சி கிருமி எல்லாம் மூச்சு விடும். மண் இறுகிக் கிடந்தால் காத்து இறங்காது, வேர் மேலோட்டமா நிண்டிடும். கச்சான் போடுற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பூத்த பிறகு காம்பு மண்ணுக்கை இறங்கித்தான் கோது வைக்கும், மண் பொலபொலவெண்டு இல்லாட்டி அது இறங்காமலே காயும், அதுக்குத்தான் பூக்கிற நேரம் கொத்தி அணைச்சு விடுறது. மழை பெய்து காய முதல் உழவு மெசினை இறக்கினால் மேலை உழுத மாதிரி இருக்கும், கீழை சில்லுப் பட்டு இறுகிப்போகும். இதை ஆருக்குச் சொன்னாலும் கேக்கமாட்டினம், மெசின்காரன் இண்டைக்கு விட்டால் பேந்து வரமாட்டான் எண்டுதான் எனக்குப் பதில் வரும், அதுவும் உண்மைதான், என்ன செய்யிறது.

கூட்டெருவும் இதுதான். குவிச்சுப்போட்டுக் கிளறாமல் விட்டால் உள்ளுக்கை காத்தில்லை, அழுகி நாறும், இலையான் மொய்க்கும். கிழமைக்கு ஒருக்கால் புரட்டி விட்டால் உள்ளுக்கை கை வைக்க ஏலாத சூடு வரும், அதுதான் சரியான அடையாளம்.

நெல்லுத்தான் அதிசயம். வயல் முழுக்கத் தண்ணி, சேத்துக்கை ஒட்சிசன் இல்லை, பயிர் மட்டும் பச்சையா நிக்குது, எப்பிடி? நெல்லின்ரை தண்டுக்கையும் வேருக்கையும் காத்துப் போற குழாய் மாதிரி வெறும் இடம் இருக்கு, இலையாலை காத்தை வேர் நுனி மட்டும் இறக்கும். மிச்சக் காத்து வேராலை கசிஞ்சு வெளியிலையும் வரும். காலபோக வயலிலை நல்ல பயிர் ஒண்டைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கோ, செம்மண்ணிறமா ஒரு பூச்சு இருக்கும். அது என்ன தெரியுமோ, முத்தையன்கட்டான் தம்பியின்ரை வாளிக் கறள்தான். சேத்திலை கரைஞ்சு நிண்ட இரும்பு வேராலை கசிஞ்ச ஒட்சிசன் பட்டு அப்பிடியே வேரிலை படிஞ்சது. அது நல்ல அடையாளம். வேர் கறுத்து, முட்டை நாத்தம் அடிச்சால்தான் பிரச்சினை, வேருக்குக் காத்துக் காணாது. அப்ப தண்ணியை வடிச்சு வயலைக் கொஞ்ச நாள் காய விட்டிட்டுத் திரும்பக் கட்டுங்கோ. மகளை ஒரு வேர் பிடுங்கி ஒப்படையிலை ஒட்டச் சொல்லுங்கோ, ரீச்சர் பேசாமல் புள்ளி போடுவா.

வவுனியாக்காரி:

எல்லாரும் நல்லாச் சொல்லியிருக்கிறியள், ஆனா ஒண்டைத் தெளிவாச் சொல்லாமல் விட்டிட்டியள். காத்து விட்டால் போறது இரும்பு, நாத்தம், காபனீரொட்சைட்டு, அவ்வளவுதான். மங்கனீசு கூடக் காத்துக்கு லேசிலை மசியாது, அதுக்கு பிஎச் 9 மட்டுக்குப் போகோணும். உப்புப் போகாது, கல்சியம் போகாது, புளோரைட்டுப் போகாது, நைத்திரேற்றுப் போகாது, கிருமி சாகாது. எங்கட பக்கம் புளோரைட்டு கூடின கிணறுகளும் இருக்கு, சிறுநீரக வருத்தக்காரரும் இருக்கினம், அதுக்குக் காரணம் இதுதான் எண்டு ஒருதரும் முடிவாச் சொல்லேல்லை, ஆனாத் தண்ணி தெளிஞ்சிட்டுது எண்டு போட்டு பரிசோதிக்காமல் குடிக்கக் கூடாது. புளோரைட்டுத் தண்ணி எப்பவும் தெளிவாத்தான் இருக்கும் தம்பி, அதுதான் பயம். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஒவ்வீசிலை கேளுங்கோ, பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இட்டைக் கேட்டாலும் எங்கை குடுக்கிறது எண்டு சொல்லுவார். உடுப்புத் தோய்க்க, குளிக்க, சட்டி பானை கழுவ கூடை முறை தாராளம். குடிக்கிறதுக்கு அறிக்கை வரட்டும்.

மற்றது குசினி ரப் முனையிலை சின்ன வலை ஒண்டு இருக்கும் எல்லே, அதுவும் தண்ணிக்குக் காத்துக் கலக்கிறதுதான், தெறிக்காமல் மெத்தெண்டு வரும், தண்ணியும் மிச்சம். எங்கட தண்ணிக்கு அது சுண்ணாம்பு பிடிச்சு அடைச்சுப்போடும், ஆக்கள் மோட்டர் பழுது எண்டு வேலைக்காரரைக் கூப்பிடுகினம். கழட்டி ஒரு இரவு வினாகிரியிலை போட்டு எடுங்கோ, காணும்.

கிணத்தடி:

தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி. நானும் குடிக்கிறதுக்கு எண்டு சொல்லேல்லை.

காத்து எண்டு கதைக்கேக்கை இதையும் சொல்லிப்போடுறன், கட்டுக்கிணறு இறைச்சுச் சேறெடுக்க இறங்கிற ஆக்கள் வாசியுங்கோ. பாவிக்காமக் கிடந்த கிணத்துக்கை ஒட்சிசன் குறைஞ்சு கெட்ட வாயு அடியிலை நிக்கும். முந்தி ஆக்கள் வேப்பங்குழையைக் கயித்திலை கட்டி மேலும் கீழுமா இழுத்து, தண்ணியை அள்ளி உள்ளுக்கு வீசிப்போட்டுத்தான் இறங்கினவை, அதுவும் ஒரு காத்து விடுறதுதான், நல்ல பழக்கம், ஆனா அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. விளக்கு இறக்கி அணையுதோ எண்டு பாத்தாலும் எல்லா வாயுவும் அதிலை தெரியாது. முக்கியமா மண்ணெண்ணை, பெற்றோல் மோட்டரைக் கிணத்துக்கை இறக்கி ஓட விட்டிட்டுப் பிறகு இறங்காதையுங்கோ, அது விடுற காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. ஒருதர் மயங்கி விழுந்தால் தூக்க எண்டு அடுத்தவர் குதிக்கிறதுதான் எங்கட சனத்தின்ரை பழக்கம், அப்பிடித்தான் ஒண்டு ரெண்டாகிறது.

முத்தையன்கட்டான்:

எல்லாருக்கும் நன்றி. தாங்கியைக் கழுவப் போட்டிருக்கு, கூடை நாலு எடுத்தாச்சு, தண்ணிப் பரிசோதனைக்குப் போத்தல் எப்பிடிப் பிடிக்கிறது எண்டு பி.எச்.ஐ ஐயா கேட்டுச் சொல்லுறன் எண்டவர். ஒரே ஒரு கேள்வி, கூடைச் சட்டத்தை வெளியிலை வைக்கிறதோ கொட்டிலுக்கையோ? நாத்தம் வருமெண்டு மனிசி குசினிக்குக் கிட்ட வைக்க விடமாட்டன் எண்டு நிக்கிறா.

கிணத்தடி:

மனிசி சொல்லுறதைக் கேளுங்கோ, நாத்த வாயு மூடின இடத்திலை நிக்கக் கூடாது. வெளியிலைதான், காத்தோட்டமான இடம், ஆனா நேர் வெயில் படாமல் மேலை ரெண்டு கிடுகு போடுங்கோ, வெயில் பட்டால் கல்லிலை பாசி பிடிக்கும். பெரல் வாயையும் கூடையைச் சுத்தியும் நுளம்பு வலை இறுக்கிக் கட்டுங்கோ, டெங்குக் காலம், பி.எச்.ஐ ஐயா தண்ணிப் போத்தலுக்கு வரேக்கை குடம்பியைக் கண்டால் அது வேறை கேசாப் போகும்.